பேர் பதிந்த வீட்டில் ஒரு கடைப் பெயர்

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் உண்டு. விடியக் காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்கு ஏறி, சொன்ன கிலோவுக்குக் கொழுந்து நிறுத்தால் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் பெண்கள் பீலிக்கரையில் நின்று, “ஒனக்கு எத்தன பேரு?” என்று கேட்டுக்கொள்வது சம்பள நாட்களின் கணக்கு. செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், ஏறியவர் ‘பேர் பதிந்தவர்’. ஏறாதவர் கைக்காசுக்கு வேலை செய்பவர்.

அதனால்தான் டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கும் என் சித்தி மகள் போன வருடம் தொலைபேசியில், “அண்ணே, பேர் பதியணும், கூட வர்றீங்களா?” என்று கேட்டபோது எனக்குத் திக்கென்றது. ஏ.எல். வரை படித்தவள். கொழுந்துக்கூடை தூக்கப் போகிறாளா?

“ஐயோ அண்ணே, செக்ரோல் இல்ல. பி.ஆர்!” என்று சிரித்தாள்.

பி.ஆர். என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு. அந்த இரண்டு எழுத்தை இன்று ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நுவரெலியா சந்தை வரை எல்லோரும் சொல்கிறார்கள். வங்கியில் கடை பெயரில் கணக்குத் திறக்க பி.ஆர். கேட்கிறார்கள், மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குத் தர பி.ஆர். கேட்கிறார், டெண்டருக்கு பி.ஆர். கேட்கிறார்கள். தங்கச்சிக்கு அது தேவைப்பட்டது கேக் காரணமாக. 2022 நெருக்கடியில் அவள் புருஷனின் கொழும்பு வேலை போய்விட, யூடியூப் பார்த்து கேக் அடிக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் லயத்துப் பிள்ளைகளின் பிறந்தநாள், பிறகு சடங்கு வீடுகள், பிறகு டவுனிலிருந்து ஓர்டர். சீசன் காலத்தில் வாராவாரம் கேக் எடுத்துக்கொள்ள நுவரெலியாவில் ஒரு தங்குமிடக்காரர் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, பில் வேண்டும். பில் அடிக்கப் பெயர் வேண்டும். பெயருக்கு பி.ஆர். வேண்டும்.

‘மலையகத்தில் எழுந்து நிற்கும் இளம் தொழில்முனைவோர்’ என்று எழுதித் தரச் சொன்னார் ஆசிரியர். அட்டைக்குத் தேயிலை மலையும் மடிக்கணினியும் சேர்ந்த படம் தயாராகிவிட்டதாம். எழுந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. தையல், சலூன், போன் ரீலோட், ஆட்டோ திருத்தகம், மாட்டுப் பால், மரக்கறி நாற்றுமேடை என்று கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமெல்லாம் பார்த்தேன். ஆனால் அத்தனை பேரிடமும் பேசி முடித்தபோது என் குறிப்புப் புத்தகத்தில் மீண்டும் மீண்டும் விழுந்திருந்த சொல் முதலீடும் இல்லை, சந்தையும் இல்லை. விலாசம்.

சட்டத்தில் இருந்து தொடங்குகிறேன். வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கம். தன் முழுப் பெயரை மட்டும் பலகையில் எழுதி வியாபாரம் செய்கிறவர் பதிய வேண்டியதில்லை. அதோடு ‘ஸ்டோர்ஸ்’ என்றோ ‘அன் சன்ஸ்’ என்றோ ஒரு சொல் ஒட்டிவிட்டால், தொழில் தொடங்கி 14 நாட்களுக்குள் பதிய வேண்டும். மாகாண சபைகள் வந்த பிறகு இது மாகாணத்தின் வேலையானது. பொதுமக்களுக்கு வாசல் பிரதேச செயலகம்.

இந்தச் சட்டத்தின் பூர்வீகம் கொஞ்சம் சுவாரசியமானது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஆங்கிலப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் எதிரி நாட்டவர் ஒளிந்திருக்கிறாரோ என்ற சந்தேகத்தில் பிரித்தானியா 1916இல் இப்படி ஒரு சட்டம் போட்டது. இரண்டு வருடத்தில் இலங்கைக்கும் அதே அச்சில் ஒன்று வந்தது. பலகைக்குப் பின்னால் நிற்பவர் யார், எந்த நாட்டவர் என்பதுதான் அதன் அடிக்கேள்வி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையகத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வழியில்லாமல் நின்ற தலைமுறைகள் உண்டு. எச்சமிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் வந்தது 2003இல். இடையில் கடை நடத்த நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் என் தாத்தாவைத்தான் சொல்ல வேண்டும். ரோட்டோரம் ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். லைசன்ஸ் இருந்தது ஊர்க்காரர் ஒருவர் பெயரில். அந்த மனிதர் நல்லவர். தீபாவளிக்கும் சித்திரைப் புதுவருடத்துக்கும் ஒரு கோழியோடு கதை முடிந்தது. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் கடை எரிந்தபோது, எரிந்தது யாருடைய கடை என்று எழுதிக் கொடுக்கக்கூடத் தாத்தாவிடம் துண்டுக் காகிதம் இல்லை.

அவருடைய பேத்தியிடம் அடையாள அட்டை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, ஏ.எல். சான்றிதழ் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் போனோம். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். அவருடைய பிரிவில் பல தோட்டங்களின் டிவிஷன்கள் அடக்கம். விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். வியாபாரம் நடக்கும் இடம் யாருக்குச் சொந்தம்? சொந்தமென்றால் உறுதி. வாடகையென்றால் ஒப்பந்தம். வேறொருவருடையது என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம்.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய ‘வியாபார இடம்’ லயத்துக் காம்பராவின் பின்புறம் தகரம் இறக்கிக் கட்டிய குசினி. கேக் பெட்டி அடுக்கிய அந்தப் பத்தடிக்கு உரிமையாளர் யார்?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல நாட்டின் பாதி வரலாறு வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. பிறகு நீண்டகாலக் குத்தகை. ஆக மண் அரசுடையது, நடத்துகிறவர் குத்தகைக்காரர், லயம் தோட்டத்துக் கட்டடக் கணக்கில் ஒரு வரி, உள்ளே நாலு தலைமுறையாகப் பிறந்து செத்தவர்கள் அங்கே ‘குடியிருப்பவர்’ மட்டும். வீட்டு வரி கட்டிய ரசீது கேட்டால் எங்கே போவது? தபால்கூடப் பெயர், டிவிஷன், தோட்டம், தபாற்கந்தோர் என்ற நாலு வரியில்தான் வரும். கதவுக்கு இலக்கம் கிடையாது. ஒரு டிவிஷனில் இருநூறு முந்நூறு குடும்பங்களுக்கு அதே நாலு வரி. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குப் போகும், அங்கிருந்து யாராவது பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்த தேதி கழிந்து மூன்றாம் நாள் உறையைப் பிரித்த கதை எல்லா லயத்திலும் ஒன்று கிடைக்கும்.

ஆக உரிமையாளரின் சம்மதம் என்றால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கடிதம்.

முதல் நாள் போனோம். பெரிய துரை மலைக்குப் போயிருக்கிறார் என்றார் கிளாக்கர் ஐயா. இரண்டாம் முறை கொழும்பில் கூட்டம். மூன்றாம் முறை துரை இருந்தார், கடிதம் எழுதுபவர் இல்லை. நாலாம் முறை கிடைத்தது. இதில் யாரையும் குற்றஞ்சாட்ட எனக்கு விருப்பமில்லை. நாலு முறையிலும் எங்களை உட்காரச் சொன்னார்கள், சித்தியின் காலத்தில் அது நடந்திருக்காது. கடிதம் ஆங்கிலத்தில் ஒன்பது வரி. எங்கள் தோட்டத்தின் பதிவு பெற்ற தொழிலாளியான, இன்ன செக்ரோல் இலக்கமுடைய இன்னாரின் மகள், இன்ன லயத்தின் இத்தனையாவது காம்பராவில் வசிக்கிறார். வீட்டில் கேக் தயாரிக்க நிர்வாகத்துக்கு ஆட்சேபனை இல்லை. இச்சம்மதம் எந்த நேரத்திலும் மீளப்பெறப்படலாம்.

கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். முதல் வரியைக் கவனிக்கத் தவறினேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கடிதம்தான் மலையகத்தில் உண்மையான வியாபாரப் பதிவு என்று இப்போது நினைக்கிறேன். பிரதேச செயலகத்தில் ஒட்டும் முத்திரை அதன் நகல். பயிலரங்கு நடத்துகிறவர்களுக்கு இது தெரிவதில்லை, தெரிந்தாலும் சொல்வதில்லை. ஹட்டனில் மண்டபம் எடுத்து, மதியச் சாப்பாடு கொடுத்து, ‘வணிகத் திட்டம் தீட்டுவது எப்படி’ என்று இரண்டு நாள் வகுப்பு. முடிவில் சான்றிதழ், குழுப் படம். தங்கச்சியிடம் அப்படிப்பட்ட சான்றிதழ் மூன்று இருக்கிறது. லாபநட்டக் கணக்கு, சந்தைப்படுத்தல், பொதி செய்தல், எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். துரைக்கு எப்படிக் கடிதம் கேட்பது என்று ஒரு பாடம் வைத்திருக்கலாம்.

நிர்வாகத் தரப்பிலும் நியாயம் இருக்கிறது: ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் காம்பராக்களில் ஒன்றில் காஸ் அடுப்பு வெடித்தால் லயமே போய்விடும், பதில் சொல்ல வேண்டியவர் துரை. அரசாங்க அலுவலர்களைக் கேட்டால், பத்திரம் சரியாக இருந்தால் பதிவுக்கு ஒரு நாள் போதும் என்கிறார்கள். அதுவும் உண்மைதான், பத்திரம் சரியாக இருந்தால்.

கம்பனியாகப் பதிந்துவிடலாமே என்று கொழும்பு நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரே பங்குதாரரோடும் தனியார் கம்பனி தொடங்கலாம், விண்ணப்பமும் இணையத்தில். ஆனால் கம்பனிக்குச் செயலாளர் வேண்டும், வருடாந்த அறிக்கை வேண்டும், கணக்காளருக்குக் காசு வேண்டும். வாரம் இருபது கேக் விற்கிறவளுக்கு அது யானை கட்டித் தீனி போடுகிற வேலை. வரி இலக்கம் ஒரு பிரச்சினையே இல்லை, அது இப்போது பதினெட்டு வயது தாண்டிய எல்லோருக்கும் உரியது. வற் வரி அவள் இருக்கும் உயரத்துக்கு எட்டாது. ஆளை வேலைக்கு வைத்தால் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். அதையெல்லாம் ஆள் வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விலாசம் மட்டும் விடாது. பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து பார்க்க ஓர் இடம் வேண்டும். கேக் பெட்டியின் மேல் ஒட்டும் துண்டில் தயாரிப்பாளரின் பெயரும் விலாசமும் அச்சிட வேண்டும் என்பது உணவுச் சட்டத்தின் ஒழுங்குவிதி. கொரியர் பையனுக்குத் தொலைபேசி வரைபடத்தில் ஒரு புள்ளி வேண்டும். ‘மேல் டிவிஷன், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், மூன்றாவது லயம்’ என்று சொன்னால் அவன் டவுனிலேயே நின்றுகொண்டு, “அக்கா, நீங்களே வந்து குடுத்துருங்க” என்கிறான்.

இதற்கு மலையகம் கண்டுபிடித்த மருந்து கடன் விலாசம். தையல் கடைக்காரப் பையன் ஒருவனின் பி.ஆர். ஹட்டன் டவுனில் மாமனாரின் கூட்டாளி கடையில் இருக்கிறது. தைப்பது தோட்டத்தில். சட்டப்படி பதிவுச் சான்றிதழை வியாபாரம் நடக்கும் இடத்தில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட வேண்டும். அது டவுனில் மிளகாய்த்தூள் சாக்குகளுக்கு மேலே தொங்குகிறது. இன்னொருவர் கொட்டகலையில் மாதம் இவ்வளவு என்று பேசி, ஒரு கடையின் இலக்கத்தை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறார். இடம் வேண்டாம், இலக்கம் போதும். தாத்தா பெயரைக் கடன் வாங்கினார், இவர்கள் விலாசத்தைக் கடன் வாங்குகிறார்கள். கொடுத்தவர் நாளை முகத்தைத் திருப்பினால் பெயர்ப் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

விலாசமே கேட்காத ஒரு வியாபாரமும் இங்கே உண்டு. சிவனொளிபாதமலை சீசன். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நல்லதண்ணியிலிருந்து மேலே ஏறும் பாதை முழுக்கக் கடைகள்: கம்பளித் தொப்பி, தேத்தண்ணி, ரொட்டி, மெழுகுதிரி. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலக் கடைகளும் அப்படித்தான். தகரக் கொட்டகைக்கு, நாலைந்து மாதத்துக்கு, அனுமதி கிடைக்கும். அங்கே நிற்கிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் நிறைய. தற்காலிகம் என்றால் இந்த மலையில் எல்லோரும் வியாபாரியாகலாம் என்று தோன்றியது. இரவு இரண்டு மணிக் குளிரில் ரொட்டி சுடும் ஒரு பையனிடம் சீசன் முடிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கொழும்பில் கடைக்குப் போவேன் என்றான். இன்னொருவர் கடைக்கு.

பழைய கதையை இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்துக்குள் வியாபாரம் என்பது ஆரம்பத்திலிருந்தே தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தது. முன்பணம் கங்காணி கொடுத்தார். அந்தக் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் காகிதத்துக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆளோடு ஆளாகக் கடனும் விலைபோனது. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். டவுனில் கடை வைத்திருந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், ஒருசிலர் காசு சேர்த்த பெரிய கங்காணிகள். லயத்தில் இருந்தவருக்குக் கடை என்பது கொப்பியில் பற்று எழுதும் இடம், அவ்வளவுதான். நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட 2021 வரை காத்திருந்த மக்களுக்கு முதல் எங்கிருந்து வரும்? சீட்டு, அடகு, இப்போது குழுவாகப் பெண்களைச் சேர்த்துக் கொடுக்கும் நுண்கடன். நுண்கடன்காரர் மட்டும் லயத்துக்கு வழி கேட்பதில்லை. கதவு இலக்கம் இல்லாமலே செவ்வாய்க்கிழமைதோறும் சரியாக வந்து நிற்கிறார்.

ஏழு பேர்ச் காணி வீடுகள் வந்த இடங்களில் நிலைமை வேறு. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவித்தார்கள். 550 சதுர அடி, தனிச் சுவர், சுற்றிவரக் கொஞ்சம் மண். உறுதி கையில் இருக்கும் வீட்டுக்காரர் கிராம உத்தியோகத்தரிடம் போனால் பேனா நிற்பதில்லை. அப்படி ஒரு புதுக் கிராமத்தில் வீட்டு முன்னறையில் சலூன் போட்டிருக்கும் தம்பியைப் பார்த்தேன், பி.ஆர். கண்ணாடிச் சட்டத்தில், பக்கத்தில் பிள்ளையார். ஆனால் வீட்டுச் சாவி முந்தி, உறுதி பிந்தி என்ற இடங்களும் உண்டு. சாவியைக் காட்டிப் பதிய முடியாது.

பிரதேச சபைப் பக்கமும் ஒரு கதவு திறந்ததைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தன் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாது. 2018இல் அதைத் திருத்தினார்கள். அதே வருடம் நுவரெலியா, அம்பகமுவ சபைகளைப் பிரித்து அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் வந்தன. பாதை வரலாம், விளக்கு வரலாம். கதவு இலக்கம் அடிக்கிற ஆணி இன்னும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கவலை. ஆசிரியர் இந்த இடத்தில் முகம் சுளிப்பார், தெரியும். அவர் கேட்டது வெற்றிக்கதை.

சரி, தங்கச்சிக்கு பி.ஆர். கிடைத்தது. மகளின் பெயரோடு ‘கேக்ஸ்’ என்று சேர்த்துப் பதிந்தாள். பில் புத்தகம் அடித்தாள். நுவரெலியாக்காரர் சொன்னபடி எடுக்கிறார். இப்போது ஒரு பிள்ளையை உதவிக்கு வைக்கலாமா என்று யோசிக்கிறாள்.

போன மாதம் போயிருந்தேன். சித்திக்கு முழங்கால் வீங்கியிருந்தது. வயது ஐம்பத்தாறு. பெண்களுக்கு ஐம்பது வயதில் வேலையை விட்டால் சேமலாப நிதியை எடுக்கலாம். கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் எடுத்து, வீட்டைத் திருத்தி, பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நான்தான் கேட்டேன்.

“ஏன் சித்தி இன்னும் மலைக்குப் போறீங்க? அந்தக் காச எடுத்தா தங்கச்சிக்குப் பெரிய அவன் ஒண்ணு வாங்கலாமே.”

சித்தி பதில் சொல்லாமல் தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி எழுந்து போய், பெட்டகத்தில் இருந்த அந்த ஒன்பது வரிக் கடிதத்தை எடுத்து வந்து முதல் வரியில் விரலை வைத்தாள். ‘பதிவு பெற்ற தொழிலாளியான, இன்ன செக்ரோல் இலக்கமுடைய.’

எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் இதைப் படிக்கவில்லை, ஆனால் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்: காம்பராவுக்கு உரிமை கேட்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருத்தராவது பேர் பதிந்திருக்க வேண்டும். தங்கச்சி பதியவில்லை, அவள் புருஷனும் பதியவில்லை. சித்தி விலகினால் அந்த வீடு செக்ரோலில் ஆளில்லாத வீடு. அதற்குப் பிறகு காம்பராவைக் கேட்பார்களா, விட்டுவிடுவார்களா என்பது வரப்போகும் துரையின் மனதைப் பொறுத்தது. கடிதம் போனால் இடம் போகும், இடம் போனால் பி.ஆர். எங்கே தொங்கும்?

“இவ அடுப்பு எரியணும்னா நான் ஏறணும் தம்பி. ஏழு பேர்ச் லிஸ்ட்ல பேர் இருக்குனு சொன்னாங்க. அது வரட்டும்” என்றார் சித்தி.

மறுநாள் காலை ஆறரைக்கு மூவரும் ஒன்றாகத்தான் இறங்கினோம். தங்கச்சி கையில் இரண்டு கேக் பெட்டி, ஹட்டன் பஸ்ஸுக்கு. சித்தி முதுகில் படங்குச் சாக்கு, முழங்காலில் துணிக்கட்டு. பிரட்டுக்களத் திருப்பத்தில் இன்னொரு பெண் சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டார், இந்த மாதம் எத்தனை பேர் என்று.

“பதினெட்டு. இன்னைக்கு நிறுத்தா பத்தொம்போது” என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றி மேலே ஏறினார்.